அவிழாத காப்பு

பாடாங் மேஹா தோட்டம்
21-3-1943

அம்சவள்ளிக்கு உன் நாத்தனார் குணவதி எழுதுவது.

இங்கே நான், என் வீட்டுக்காரரான உன் அண்ணன் இருளப்பன், பால்மரம், கொசு எல்லாரும் சுகம். அங்கே நீயும் தம்பியும் குழந்தை தங்கமணியும் சுகமா?

தேதியைப் பார்த்துச் சிரிக்காதே. இனிமேல் ஜப்பான் கணக்குப்படி 2603 என்றுதான் போட வேண்டும் என்கிறார் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி. உலகத்துக்கு ஒரே நாளில் அறுநூற்றுச் சொச்சம் வயது கூடியும் அரிசி ஒரு பிடி கூடவில்லை. நான் பழைய கணக்கிலேயே எழுதுகிறேன். பரஞ்சோதியின் சைக்கிளில் கருவாட்டுக் கூடைக்கு அடியில் வருகிற கடிதத்தை எந்த ஜப்பான்காரன் பிரித்துப் படிக்கப் போகிறான்? நாற்றத்துக்கே ஓடிவிடுவான்.

சேதிக்கு வருகிறேன். சித்திரைப் பௌர்ணமிக்கு மாரியம்மன் திருவிழா உண்டு. போன வருஷம் ஒரு விளக்குக்கூட ஏற்றவில்லை. இந்த வருஷம் துரை பங்களாவில் இருக்கிற ஜப்பான்காரனே, நடத்துங்கள், மற்றத் தோட்டத்து ஆட்களையும் கூப்பிடுங்கள், விளையாட்டும் வையுங்கள் என்று உத்தரவு கொடுத்திருக்கிறான். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்தான். கிடைக்கிற சந்தோஷத்தைக் கிளறிப் பார்ப்பானேன் என்று கங்காணி வேலையை ஆரம்பித்துவிட்டார். சிடாம் கிரியிலிருந்து சடுகுடு ஆட ஆட்கள் வருகிறார்கள். இலை உதிர்ந்த மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. வெயில் இன்னும் ஒரு மாதம் நிற்கும். மழை பிடிப்பதற்குள் எல்லாரும் ஒரு தடவை முகம் பார்த்துக்கொள்ளலாம்.

சண்டை தொடங்கியதிலிருந்து தம்பியை நான் பார்க்கவில்லை. அம்மா செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. என் இடுப்பில் வளர்ந்தவன். நீயும் குழந்தையும் சேர்ந்தே வந்தால் இன்னும் நல்லது. சோற்றுக்கு மரவள்ளிதான், ஆனால் வயிறு நிறையப் போடுவேன்.

குணவதி

*

திகாம் பத்து
28-3-1943

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. தங்கமணிக்கு இருமல். கைக்குழந்தையாக இருந்தால் தூக்கிக்கொண்டு வரலாம், நாலு வயதுப் பிள்ளை பாதி வழியில் உட்கார்ந்துவிடும். பஸ் எப்போது வரும், எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் நான் வருவதற்கில்லை.

உங்கள் தம்பி வருகிறார். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து தையல் மெஷினில் உட்காராமல் பையை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். இப்போது தைப்பதற்கும் என்ன இருக்கிறது? சாக்கு, பழைய திரைச்சீலை, செத்துப்போனவர் வேட்டி. போலீஸ் ஸ்டேஷனில் மூன்று நாள் அலைந்து பாஸ் வாங்கியிருக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். திருவிழா முடியும்வரை வேண்டாம், அவர் மூன்று நாள்தான் இருக்க வேண்டும். சித்திரை முதல் தேதி இங்கே வீட்டில் இருப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். முன் கடையை ஜப்பான்காரர்கள் சாமான் வைக்க எடுத்துக்கொண்டார்கள். நினைத்தபோது கதவைத் தட்டுகிறார்கள். நானும் குழந்தையும் மட்டும் எப்படி இருப்போம் என்று உங்களுக்கே தெரியும். தோட்டத்துக்குப் போனால் அவருக்கு நாள் கிழமை மறந்துவிடும். நீங்கள்தான் ஞாபகப்படுத்தி அனுப்ப வேண்டும்.

அம்சவள்ளி

*

பாடாங் மேஹா தோட்டம்
13-4-1943

அம்சா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே.

தம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தான். பரஞ்சோதியின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்ததில் அவன்மேலும் கருவாட்டு வாசம். எப்படி இளைத்துவிட்டான்! நான் அழுதேன், அவன் என் ரவிக்கையின் தையலைப் பார்த்து, யார் இந்தக் கொலையைச் செய்தது என்று கேட்டான். உட்கார்ந்த இடத்தில் கத்திரிக்கோலை எடுத்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்த பிறகுதான் தண்ணீர் குடித்தான்.

நேற்று காப்புக் கட்டு. சின்னையா பூசாரிக்கு அருள் வந்து ஆடினார். வழக்கமாகக் கட்டுகிற எட்டுப் பேருக்கும் மஞ்சள் கயிறு கட்டியாயிற்று. அப்புறமும் சாமி மலையேறவில்லை. கூட்டத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "வெளியூர்ப் புள்ள ஒருத்தன் வந்திருக்கான். அவன் கையில கட்டு. இல்லன்னா இந்த வருஷம் நான் பூவுல எறங்க மாட்டேன்" என்று தம்பியைக் கைகாட்டிவிட்டார். ஊரே கைகொட்டிச் சிரித்தது. தம்பி திருதிருவென்று விழித்துக்கொண்டு கையை நீட்டினான்.

உனக்குத் தெரியுமோ தெரியாதோ, காப்புக் கட்டியவன் அதைக் கோயிலில் அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கீழ் ஓடைதான் எங்கள் எல்லை. செவ்வாய்க்கிழமை தீமிதி, புதன்கிழமை மஞ்சள் நீராட்டு. அன்றைக்குக் காப்பு அவிழ்த்ததும் மாலையே அனுப்பிவிடுகிறேன். ஒரு வாரம்தான் அதிகம்.

இங்கே ஒரே கலகலப்பு. யார் யாரோ வந்திருக்கிறார்கள். ஒரு லயத்து அறையில் பதினோரு பேர் படுக்கிறோம். சடுகுடு உண்டு, உறியடி உண்டு. சாக்கு ஓட்டம் மட்டும் இல்லையாம், ஊரில் உள்ள சாக்கெல்லாம் இடுப்பில் இருக்கிறது. நீயும் வந்திருந்தால் என்று நூறு தடவை நினைத்துவிட்டேன். அம்மன் கேட்டுவிட்டாள், நான் என்ன செய்வேன்?

குணவதி

*

திகாம் பத்து
15-4-1943

அண்ணி அவர்களுக்கு,

நேற்று வருஷப் பிறப்பு. ஒரு கை வேப்பம்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். இலை போட்டு மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். தங்கமணி தெருமுனை வரைக்கும் பத்துத் தடவை போய் வந்தாள். இருட்டுகிற நேரத்தில் கதவு தட்டியது. அவர்தான் என்று ஓடிப்போய்த் திறந்தேன். இரண்டு சிப்பாய்கள். சாமான் எடுக்க வந்தவர்கள். ஒன்றும் செய்யவில்லை, குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம்தான் பரஞ்சோதி உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

உங்கள் வீட்டில் பதினோரு பேர் படுக்கிறீர்கள். என் வீட்டில் நானும் ஒரு குழந்தையும் அரிவாள்மணையும் படுக்கிறோம்.

அம்மன் கேட்டாள் என்கிறீர்கள். கேட்டவளே பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் தம்பிக்குத் தனியாக ஒரு சீட்டு மடித்து வைத்திருக்கிறேன். பிரிக்காமல் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அம்சவள்ளி

*

பாடாங் மேஹா தோட்டம்
23-4-1943

அம்சா, தாயி, இதை உட்கார்ந்துகொண்டு படி. குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் படி.

தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், அந்த வேலைக்கு. உயிரோடுதான் போனான். மூன்று மாதம்தான், சம்பளம் உண்டு, அரிசி உண்டு என்று கிராணி படித்துக் காட்டினார்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விளையாட்டு. ஜப்பான்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். சிடாம் கிரி கோஷ்டிக்குப் பிச்சை என்பவன் தலைவன், காளை மாதிரி ஆள். அவனையே தம்பி காலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டான். மிஷின் மிதித்த கால் என்று நாங்கள் கேலி பண்ணின கால்தான். ஜப்பான்காரன் எழுந்து கைதட்டி ஒரு டின் சர்க்கரை கொடுத்தான். ஓடுகிறவனை, மடக்குகிறவனை ஒவ்வொருவராகப் பார்த்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். புள்ளி எண்ணுகிறான் என்று நினைத்தோம். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோமே, பாவிகள்.

மறுநாள் விடிகாலை, கிராணி வீட்டில் பாத்திரம் கழுவுகிற ராக்காயி ஓடி வந்தாள். மத்தியானம் லாரி வருகிறது, பலசாலி ஆம்பிளைகளை ஏற்றப் போகிறார்கள் என்று சொன்னாள். அவள் வீடு வீடாகச் சொன்னாள். உன் அண்ணனும் இன்னும் பதினைந்து பேரும் ஓடையைத் தாண்டிப் பெலுக்காருக்குள் போய்விட்டார்கள். அது அடர்ந்த புதர்க்காடு, உள்ளே போனவனைத் தேட முடியாது.

"நீயும் கெளம்புடா தம்பி" என்றேன்.

"காப்பு இருக்குக்கா. ஓடையத் தாண்டக் கூடாதுல்ல" என்றான்.

காப்புக் கட்டிய ஒன்பது பேரும் போகவில்லை. அம்மன் கயிறு கட்டியவனை யாரும் தொடமாட்டான் என்று பூசாரி சொன்னார். நானும் நம்பினேன். குழிக்கு நெருப்பு மூட்டி ஊதுகிற நேரத்தில் நாலு லாரி வந்து நின்றது. மஞ்சள் வேட்டியோடு அப்படியே ஏற்றினார்கள். சிடாம் கிரி ஆட்களையும் ஏற்றினார்கள். தம்பி மேலே ஏறிவிட்டு, "அக்கா, என் கத்திரிக்கோல் உன் வீட்டுல இருக்கு, பத்திரமா வை" என்று கத்தினான். மழை அன்றைக்குத்தான் பிடித்தது. நெருப்பு தானாக அணைந்தது.

இன்னொன்று உனக்குச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அவன் பையைக் கட்டிக்கொண்டு நின்றான். புள்ள தேடும், நான் போறேன் என்றான். நான் அம்மன் குற்றம் என்று பயமுறுத்தினேன். அவன் சிரித்தான். அதற்குள் பரஞ்சோதி உன் கடிதத்தோடு வந்தார். சீட்டைப் படித்துவிட்டு மடியில் செருகிக்கொண்டு, பையை அவிழ்த்து வைத்துவிட்டான். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, புள்ளைக்குப் பாவாட அளவு" என்றான். அம்மன்மேல் பயம் வந்துதான் நின்றுவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவன் வந்துவிடுவான் அம்சா. மூன்று மாதம் என்று எழுத்தில் இருக்கிறது.

குணவதி

*

திகாம் பத்து
27-4-1943

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறார். என் கணவர் இல்லை. இதைத்தவிர உங்கள் கடிதத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாய் விரித்து, கிழங்கு அவித்து, விளையாட்டு காட்டி, வேடிக்கை காட்டி, கடைசியில் லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். சாப்பிட வழியில்லாத காலத்தில் ஜப்பான்காரன் எதற்காகத் திருவிழா நடத்தச் சொல்கிறான் என்று ஒருவருக்காவது யோசனை வந்ததா? ஊர் கூடிச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் உங்களுக்கு.

நாள் முழுவதும் நூல் அறுக்கிற கை அவருடையது. கத்திரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. ஒரு மஞ்சள் கயிற்றை அறுத்துவிட்டு ஓடையைத் தாண்ட எத்தனை நேரம்? அறு என்று சொல்ல நீங்கள் ஒருவர் அங்கே இருந்தீர்களே. சொன்னீர்களா? உங்கள் கணவரை மட்டும் ஓடவிட்டீர்கள்.

எட்டுப் பேர் வழக்கமாகக் கட்டுகிறவர்கள். ஒன்பதாவது ஆளாக, மூன்று நாள் விருந்துக்கு வந்தவரை அம்மன் ஏன் கேட்டாள்? அதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

அம்சவள்ளி

*

பாடாங் மேஹா தோட்டம்
9-5-1943

அம்சவள்ளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாக மாடத்தில் இருக்கிறது. படிப்பேன், வைப்பேன். பதில் கேட்டாய். சொல்கிறேன்.

அம்மன் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

தம்பி வந்த அன்று மாலை, சோறு தின்றுகொண்டிருந்தவன், புதன்கிழமைக்குள் போய்விட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்தவன் வாசலையே பார்த்துக்கொண்டு தின்றால் எப்படி இருக்கும்? சின்னையா பூசாரி உன் அண்ணனுக்குச் சித்தப்பா முறை. தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பார்த்தபோது, "சித்தப்பா, ஒங்க சாமிகிட்ட சொல்லி எந்தம்பி கையில ஒரு கயிறக் கட்டிப் போடுங்க, எங்கயும் போகமாட்டான்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார். மறுநாள் ஆடும்போது அவர் அவனைக் கைகாட்டியதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். விளையாட்டு வினையாகும் என்று சின்ன வயதில் அவனைத்தான் திட்டியிருக்கிறேன்.

லாரி வருகிற சேதி வந்தபோது என் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. இது சாமி சொன்னதில்லைடா, நான் சொன்னது, அறுத்துப் போட்டுவிட்டு ஓடு என்று. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சுற்றிலும் ஊர் நின்றது. பூசாரி நின்றார். சாமி பேரில் பொய் சொன்னாளா என்று கேட்பார்களே என்று பயம். அதைவிட, அவன் என்னை ஒரு மாதிரி பார்ப்பானே என்று பயம். கயிறு இருக்கிறவனைத் தொடமாட்டான் என்று பூசாரி சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

இதுதான் நடந்தது. நீ என்னை என்ன சொன்னாலும் சரி. நான் மறுக்கமாட்டேன்.

குணவதி

*

திகாம் பத்து
13-5-1943

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். பரஞ்சோதியிடம் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

*

பாடாங் மேஹா தோட்டம்
7-11-1943

அம்சவள்ளிக்கு,

எழுதாதே என்றாய். ஆறு மாதம் எழுதவில்லை. இதை நீ வாங்காவிட்டால் கிழங்கு மாவோடு சேர்த்து வாசலில் வைத்துவிட்டு வரும்படி பரஞ்சோதியிடம் சொல்லியிருக்கிறேன். மாவு குழந்தைக்கு. அதையாவது எடுத்துக்கொள்.

மூன்று மாதம் ஏழு மாதம் ஆகப்போகிறது. ஒரு தகவலும் இல்லை. இப்போது நாம் இருக்கிற கெடா மாநிலத்தையே சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டார்களாமே. சயாமுக்குப் போனவன் வரவில்லை, சயாம் இங்கே வந்துவிட்டது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இங்கே எட்டு வீட்டில் ஆண் இல்லை. தீபாவளி அன்று யாரும் விளக்கு வைக்கவில்லை. சித்திரை வெயிலில் நாங்கள் ஆடின ஆட்டத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அம்சா, அந்த எட்டு நாளும் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். அதை நினைக்காமலும் இருக்க முடியவில்லை. நினைத்தால் உனக்குத் துரோகம் என்று இருக்கிறது.

நேரில் வந்து உன் காலில் விழ வேண்டும் என்றுதான் இருந்தேன். வர முடியாத காரணத்தைச் சொல்கிறேன், சாக்கு என்று நினைக்காதே. அவன் காப்பு அவிழ்க்காமல் போனான். அவிழ்க்காத வரைக்கும் திருவிழா முடியவில்லை என்றுதான் அர்த்தம். அதனால் பூசாரியிடம் சொல்லி என் கையிலும் ஒன்று கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை விளையாட்டுக்கு இல்லை. கவிச்சி இல்லை, பாய் இல்லை, ஓடையைத் தாண்டுவதில்லை. அவன் வந்து தன்னுடையதை அவிழ்க்கிற அன்றைக்குத்தான் இதையும் அவிழ்ப்பேன்.

அவன் கத்திரிக்கோலுக்குத் துரு ஏறாமல் தேங்காய் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

குணவதி

*

திகாம் பத்து
23-4-1944

அண்ணி,

மாவு வந்தது. நவம்பரில் எழுதியதும் வந்தது. படித்தேன். பதில் எழுதவில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம். மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி இறந்துவிட்டார். போன ஆவணி மாதம், அடைமழையில், முகாமில் வாந்திபேதி வந்து இரண்டு நாளில் போய்விட்டார். கூட இருந்து பார்த்தவர் வந்து சொன்னார். அதனால் இதில் சந்தேகம் இல்லை. பொட்டை அழித்துவிட்டேன். தங்கமணிக்கு இன்னும் சொல்லவில்லை.

வந்தவர் சிடாம் கிரி பிச்சை. உங்கள் தம்பி சடுகுடுவில் காலைப் பிடித்து இழுத்துப் போட்டாரே, அதே ஆள். முகாமிலிருந்து தப்பி, சயாம் வியாபாரிகளோடு ஒளிந்து அலோர் ஸ்டார் வந்து, அங்கிருந்து நடந்தே வந்தார். ஒரு காலில் எலும்பு தெரிகிற புண். என் வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டு, ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு ஊருக்குப் போனார். அவர் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அந்தக் காலோடு அவர் உங்கள் தோட்டத்துக்கு வரமாட்டார். நான் சொல்லாவிட்டால் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. சொல்லாமலே இருந்துவிடலாம் என்று பன்னிரண்டு நாளும் நினைத்தேன். உங்கள்மேல் பழி இருக்கும்வரைக்கும் என்மேல் இல்லை அல்லவா?

காப்பு உங்கள் வேலை என்று உங்கள் தம்பிக்குத் தெரியும் அண்ணி. கட்டிய மூன்றாம் நாளே பூசாரி அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். முகாமில் பிச்சையிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். "அது சாமி இல்லடா, எங்கக்கா குறும்பு" என்பாராம். வெள்ளிக்கிழமை பையைக் கட்டிக்கொண்டு நின்றது அதனால்தான். கயிற்றை அறுத்துவிட்டு வீட்டுக்கு வரத்தான் நின்றார்.

நான் அனுப்பிய சீட்டில் பாவாடை அளவு இல்லை.

வருஷப் பிறப்பு இரவு, சிப்பாய்கள் போன பிறகு எழுதினேன். வந்துவிடுங்கள், பயமாக இருக்கிறது என்று எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். ஆத்திரத்தில் வேறு எழுதினேன். அம்மன் காப்பு அல்லவா, முழுக்க முடித்துவிட்டே வாருங்கள், கோயிலில் அவிழ்க்காமல் அறுத்துக்கொண்டு இந்த வாசலை மிதித்தால் தங்கமணி தலைமேல் ஆணை என்று எழுதினேன். என் பிள்ளையின் தலைமேல். மடிக்கும்போதே கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. அவர் வருந்த வேண்டும் என்று நினைத்தேன், அண்ணி. அவ்வளவுதான் நினைத்தேன்.

உங்கள் கயிற்றை அவர் ஒரு நிமிஷத்தில் அறுத்திருப்பார். பிள்ளை தலைமேல் வைத்ததை எப்படி அறுப்பார்? லாரி வருகிறது என்று தெரிந்தும் ஓடையைத் தாண்டவில்லை. என்னை உங்களிடம் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அங்கே மழையில் கயிறு இற்றுப்போனதாம். சட்டை ஓரத்தைப் பிரித்து நூல் உருவி, முறுக்கித் திரும்பக் கட்டிக்கொண்டாராம். அதுவும் இற்றது. மூன்றாம் தடவையும் கட்டினாராம். எதுக்கு இந்தக் கூத்து என்று பிச்சை கேட்டதற்கு, "எம்மவ தலமேல ஆணை இருக்குடா. அவுக்கிற எடத்துலதான் அவுக்கணும்" என்றாராம். அந்த நூலோடுதான் புதைத்தார்கள்.

உங்களை நான் என்னென்னவோ எழுதினேன். அறு என்று சொன்னீர்களா என்று கேட்டேன். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். அதையெல்லாம் எழுதும்போதே எனக்குள் ஒன்று, உன் சீட்டு உன் சீட்டு என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அதைக் கேட்கக்கூடாது என்றுதான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

உங்கள் கையில் இருப்பதை அவிழ்த்துவிடுங்கள். அது உங்கள் கையில் இருக்க வேண்டியது இல்லை. நான் வந்தால் உள்ளே விடுவீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன்.

அம்சவள்ளி

*

பாடாங் மேஹா தோட்டம்
30-4-1944

அம்சா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று முழுவதும் தம்பிக்காக அழுதேன். புதன்கிழமை உன்மேல் வந்த கோபத்தில், கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். உன் அண்ணன் பிடுங்கி வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை திரும்ப வாங்கிப் படித்தேன். பொழுது சாய்ந்த நேரம், ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, கதவைத் தட்டிய சிப்பாய்கள் போன பிறகு நீ உட்கார்ந்து எழுதியது எனக்குத் தெரிந்தது. உன்னை அப்படித் தனியாக உட்கார வைத்தது யார்? நான் அவனை நிறுத்தாமல் இருந்தால் நீ ஏன் அதை எழுதப்போகிறாய்? யார் முதலில், யார் கடைசி என்று பார்க்கப்போனால் ஜப்பான்காரன் மட்டும் சுகமாகத் தப்பித்துக்கொள்வான்.

எட்டாம் தேதி திங்கட்கிழமை பௌர்ணமி. திருவிழா கிடையாது, விளையாட்டு கிடையாது, வெயிலும் போகிற நேரம்தான். அதற்கு முன்னால் வந்துவிடு. பரஞ்சோதியிடம் சொல்லிவிட்டேன். குழந்தையைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார், நீ கூட நடந்து வா. உன் அண்ணன் ஓடைவரைக்கும் வந்து நிற்பார். நானும் ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்பேன். என் கையில் இருப்பது நீ அவிழ்த்தால்தான் அவிழும். அவன் கத்திரிக்கோலையே எடுத்து வருகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஆணையைப் பற்றித் தங்கமணியிடம் ஒருநாளும் சொல்லாதே. பிச்சையிடமும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன், அவன் வாய் திறக்கமாட்டான். நீ எழுதியதை இப்போது நானே அடுப்பில் போட்டுவிட்டேன். தன் தலையை வைத்துத்தான் அப்பா போனார் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை அந்தத் தலையோடு எப்படி வாழும்?

நாளைக்குப் பெரியவளாகி, அப்பா ஏன் மற்றவர்களைப் போல ஓடவில்லை என்று உன்னைக் கேட்பாள். கட்டாயம் கேட்பாள். பாடாங் மேஹா அத்தை விளையாட்டாக ஒரு கயிற்றைக் கட்டிவிட்டாள், அதனால் என்று சொல்லிவிடு. அதில் பொய் ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் என்மேல் வரட்டும். நான் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவள். நீ அவளோடு தினமும் இருக்க வேண்டியவள்.

வரும்போது குழந்தையின் பாவாடை அளவை எடுத்து வா. அவன் போன வருஷம் இங்கே ஒன்று வெட்டி, பாதி தைத்து வைத்திருக்கிறான். மீதியை நான் தைத்துத் தருகிறேன்.

குணவதி